இடது கண்ணுக்கு ஒரு நிறம்

சமையலறை அலமாரிக் கதவுகள் பதினான்கு.
இழுப்பறைகளைச் சேர்த்தால் பத்தொன்பது.
அத்தனைக்கும் ஒரே நிறம் போதும் என்கிறார் ரெஜிஸ்,
ஏதோ சொத்தை விட்டுக்கொடுப்பதைப் போல.

போதும்தான்.
எந்த ஒன்று?

பெயிண்ட் கடையில் தந்த ஐந்து அட்டைகளை
அடுப்புக்கு மேலே ஒட்டிவைத்துப் பதினோரு நாளாயிற்று.
எல்லாமே தோப்.
ஈரக் கூழாங்கல், காளான் தண்டு,
மடாலயத்துச் சுவர், நவம்பர்.
ஐந்தாவதற்குப் பெயர் வைக்க அலுத்துப்போய்
வெறும் எண் போட்டிருக்கிறார்கள்.
பழுப்பா என்றால் பழுப்பில்லை,
சாம்பலா என்றால் அதுவும் இல்லை,
கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லாத
என் நாத்தனாரைப் போல ஒரு நிறம்.

காலையில் லுவார் ஆற்றுப் பக்கத்து ஜன்னலில்
வெளிச்சம் வரும்போது
காளான் தண்டு லேசாக ரோஜா பூசிக்கொள்கிறது.
விளக்கைப் போட்டால் அதுவே
ஆறி ஏடு படிந்த பால் காபி.
இது எல்லார் வீட்டிலும் உள்ளதுதான்.

என் வீட்டில் கூடுதலாக ஒன்று:
போன மாதம் வலது கண்ணில் புரை எடுத்தார்கள்.
இடதுக்கு அடுத்த மாதம், இருபத்துமூன்றாம் தேதி.

இடதை மூடினால்
நவம்பர், மழைக்கு முந்தைய புறாக் கழுத்து.
வலதை மூடினால்
அதே அட்டை, தேநீர் கொட்டிய துணி.
மாற்றி மாற்றி மூடித் திறக்கிறேன்.
"சுவரைப் பார்த்து யாருக்குக் கண்ணடிக்கிறாய், கிஸ்லென்?"
கேட்டுக்கொண்டே போகிறார் ரெஜிஸ்,
பதிலுக்கு நிற்காமல்.

இருபத்தாறு வருடம் நெவேரில் பஸ் ஓட்டினேன்.
சிவப்பை நம்பி நின்றேன்,
பச்சையை நம்பிப் போனேன்.
எந்த வருடத்திலிருந்து
மஞ்சளுக்குள் உட்கார்ந்து ஓட்டினேன் என்று
எனக்கே தெரியாது.
ரெஜிஸின் தலைமுடி வெண்ணெய் நிறம் என்றுதான் இருந்தேன்.
கட்டைப் பிரித்த மதியம்
ஆஸ்பத்திரி வாசலில் காரைத் துடைத்துக்கொண்டு நின்றார்.
வெள்ளை.
சுத்த வெள்ளை.
எப்போது இவ்வளவு வெளுத்தது,
நான் எங்கே போயிருந்தேன்?

நேற்று தோட்டத்துப் பொறியில் ஒரு அகழெலி.
எங்கள் மொழியில் தோப் என்றால் அதுதான்.
மண்வெட்டியில் ஏந்தி வந்து காட்டினார்.
அட்டைகளைப் பிய்த்துக்கொண்டு ஓடினேன்.
ஒன்றும் பொருந்தவில்லை.
ஏறக்குறைய கறுப்பு, அதன்மேல் ஈயப் பளபளப்பு.
இப்படித் தடவினாலும் அப்படித் தடவினாலும்
ஒரே வாகாகப் படிகிற மயிர்.
கண் இருக்க வேண்டிய இடத்தில்
கடுகைவிடச் சிறிதாய் ஏதோ ஒன்று.
தன் நிறத்தை ஒருநாளும் பார்த்திராத பிராணி.
அதன் பெயரை
லிட்டர் கணக்கில் விற்கிறான் கடைக்காரப் பையன்,
"யார் கண்ணையும் உறுத்தாது, மதாம்" என்று.

"இருபத்துமூன்று வரை பொறு" என்கிறார் ரெஜிஸ்.
"இரண்டு கண்ணும் ஒரே பேச்சுக்கு வந்துவிடும்."
நியாயமான பேச்சு.
ஆனால் எண் போட்ட அட்டை
இடது கண்ணில் மட்டும்
வெந்த பேரிக்காயின் தோல் நிறத்தில் இருக்கிறது.
கேட்டுப் பார்த்தேன், வேறு யாருக்கும் அப்படி இல்லை.
டாக்டர் வில்லையை மாற்றிய பிறகு
உலகத்தில் ஒருவருக்கும் இருக்காது.

அதனால் இன்று கால் லிட்டர் டப்பா வாங்கி வந்தேன்.
கழுவுதொட்டிக்குக் கீழே, குப்பைக்கூடைக் கதவு.
வலது கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு
முழங்காலில் உட்கார்ந்து பூசினேன்.
ஓரத்தில் இரண்டு இடம் வழிந்துவிட்டது.
உள்பக்கம் மட்டும்தான்.

வெளிப்பக்கம் வெள்ளையே இருக்கட்டும் என்கிறார் இப்போது.
எந்த வெள்ளை என்று
நான் இன்னும் கேட்கவில்லை.